அலுவலகக் கணினியின் கோப்புகளை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பது: நகல் எடுப்பது முதல் திறந்து பார்ப்பது வரை

திருமங்கலத்தில் பத்திரம் எழுதும் ஓர் அலுவலகத்தில் பழைய கணினி ஒருநாள் அடியோடு நின்றுபோனது. புதிய கணினியைப் பொருத்திக் கொடுக்கப் போயிருந்த என்னிடம், அங்கே வேலை பார்க்கும் தம்பி அலமாரியிலிருந்து ஓர் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். "எல்லாம் இதுல இருக்குண்ணே, மாசம் தவறாம பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். மஞ்சள் துணிப்பையில் சுற்றி, மேலே தேதி எழுதிய காகிதம் ஒட்டி, அவ்வளவு பொறுப்பாக வைத்திருந்தார். மாட்டியதும் ஃபோல்டர்கள் மாதவாரியாக வந்து நின்றன. ஒரு கிரையப் பத்திர வரைவைத் திறந்தோம். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சாய்கோடுகளுமாகச் சிதறிக் கிடந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அது. அந்த எழுத்துரு பழைய கணினியோடு போய்விட்டது. அதை வேறோர் அலுவலகத்திலிருந்து வாங்கிப் போட்டுச் சரிசெய்தோம். அடுத்து 'ஸ்கேன்' என்ற ஃபோல்டரைத் திறக்கப் போனபோதுதான் தம்பியின் முகம் மாறியது. 14 மாதங்களாக அவர் டிஸ்க்கில் ஏற்றிவந்தது ஃபோல்டரே அல்ல. டி டிரைவில் இருந்த ஃபோல்டரைக் காட்டும், மூலையில் சிறிய அம்புக்குறி போட்ட ஷார்ட்கட். மாதந்தோறும் 2 கிலோபைட் அளவுள்ள ஒரு படக்குறியைத்தான் அவர் அத்தனை கவனமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

அவர் அலட்சியமானவர் அல்லர். பெரும்பாலான அலுவலகங்களில் அவர் அளவுக்குக்கூட யாரும் செய்வதில்லை. அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: எடுத்த நகலை வேறொரு கணினியில் ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பராமரித்துவரும் நான் இதே தவற்றை வேறு வேறு உருவங்களில் பலமுறை பார்த்துவிட்டேன். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கணக்கில் வைக்கக் கூடாது என்பதை மனத்தில் கொண்டு கீழே வரும் படிகளைச் செய்யுங்கள்.

இவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 கணினிகளுக்கானவை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் பல அலுவலகங்கள் கணினியை மாற்றி வருகின்றன. கோப்புகள் தொலைவது பெரும்பாலும் இப்படிப் பழையதிலிருந்து புதியதுக்குப் போகும் அந்த ஓரிரு நாட்களில்தான். ஆகவே பழைய கணினியைக் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்து முடித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். கணினி நிறுவனத்துடையது என்றால் அதில் உள்ள கோப்புகளும் நிறுவனத்துடையவை. வாடிக்கையாளரின் பான் எண், ஆதார் நகல், வங்கி விவரம் போன்றவற்றை உங்கள் சொந்த டிஸ்க்கில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது, நல்லெண்ணத்தில் செய்தாலும், பிரச்சினையில் முடியலாம். முதலாளியிடமோ மேலாளரிடமோ சொல்லி, அலுவலகப் பணத்தில் வாங்கிய டிஸ்க்கில், அவர்களுக்குத் தெரியவே எடுங்கள். சில நிறுவனங்களில் யுஎஸ்பி துளைகளையே பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே சுற்றுவழி தேடாமல் கணினிப் பிரிவிடம் கேளுங்கள்.

முதல் படி: எது எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் எழுதுதல்

டிஸ்க் வாங்குவதற்கு முன் ஒரு முழுத்தாளை எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் ஒவ்வொருவரும் எந்தக் கோப்பில் வேலை செய்கிறார்கள், அது கணினியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். இதற்கு ஒரு நாள் செலவானாலும் பரவாயில்லை. இந்தத் தாள்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை. இடம் தெரியாத கோப்பைக் கண்டுபிடிக்க, டெஸ்க்டாப்பில் உள்ள படக்குறியின் மேல் வலது பொத்தானை அழுத்திப் 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' என்ற வரி இருந்தால் அது ஷார்ட்கட். உண்மையான கோப்பு அந்த வரி சொல்லும் இடத்தில் இருக்கிறது. வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறந்து 'ஃபைல்' பட்டியலில் 'இன்ஃபோ'வை அழுத்தினால் இருப்பிடம் தெரியும்.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நினைவுக்கு வராதவை வேறு. வாட்ஸ்அப்பில் வந்த பில்களும் வங்கி அறிக்கைகளும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். ஸ்கேனர் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும். அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சல்களைத் தனியே சேமித்திருந்தால், அந்தப் பி.எஸ்.டி. கோப்பு வழக்கமாக டாக்குமெண்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அவுட்லுக் திறந்திருக்கும்போது அதை நகல் எடுக்க முடியாது. ஒன்டிரைவ் இயங்கும் கணினிகளில் டெஸ்க்டாப்பே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் மாறியிருக்கலாம். அங்கே மேகப் படம் போட்ட கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில் மட்டுமே இருக்கின்றன. அந்த ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகே நகல் எடுங்கள்.

டேலியில் கணக்கு எழுதும் அலுவலகமென்றால் இந்த இடத்தில் சற்று நிதானமாக இருக்க வேண்டும். டேலியின் தரவு 'டேட்டா' என்ற ஃபோல்டருக்குள், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐந்து அல்லது ஆறு இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட தனித்தனி ஃபோல்டரில் இருக்கிறது. டேலி பிரைமில் அது பொதுவாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்ற வரிசையில் கிடைக்கும். ஆனால் நிறுவிக் கொடுத்தவர் டி டிரைவுக்கு மாற்றியிருக்கலாம் என்பதால் டேலியின் உள்ளேயே பாதையைச் சரிபாருங்கள். நகல் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாக் கணினிகளிலும் டேலியை மூடிவிட்டு அந்த டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுப்பது. மற்றொன்று, டேலிக்குள் ஆல்ட் விசையோடு ஒய் அழுத்தி வரும் பட்டியலில் 'பேக்கப்' கொடுத்து, சேமிக்கும் இடமாக டிஸ்க்கைக் காட்டுவது. நான் இரண்டையும் செய்யச் சொல்வேன், ஏனெனில் ஒன்று கெட்டாலும் மற்றொன்று கை கொடுக்கும். டேலி திறந்திருக்க, ஒருவர் பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போதே டேட்டா ஃபோல்டரை நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமான ஒரு தொகுப்பு கிடைக்கும். அது பார்ப்பதற்கு முழுதாக இருக்கும், திறக்கும்போதுதான் பிழை காட்டும்.

எழுத்துருக்களை மறக்காதீர்கள். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றுக்கொண்ட பிறகும், அச்சகங்களிலும் பத்திர அலுவலகங்களிலும் வழக்கறிஞர் குமாஸ்தாக்களிடமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் அவை படிக்க முடியாத குறிகள்தான். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்பதைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களைத் தேர்ந்து டிஸ்க்கில் தனி ஃபோல்டராகப் போட்டுவையுங்கள். சில மெகாபைட்டுகளுக்கு மேல் ஆகாது. கூடவே, தட்டச்சுக்குப் பயன்படுத்தும் விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பையும் போடுங்கள்.

நகல் எடுக்க முடியாதவையும் உண்டு. நிறுவிய மென்பொருளை ஃபோல்டரோடு நகலெடுத்தால் பெரும்பாலும் மறு கணினியில் ஓடாது. அதன் நிறுவல் கோப்பும் உரிம எண்ணுமே தேவை. டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியை வெளியே எடுக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே டோக்கன் யாரிடம் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பதை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு காலத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவான நிறுவனமென்றால் கணக்குப் புத்தகங்கள் 8 ஆண்டுகள். அதோடு 2022இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, மின்னணு முறையில் வைக்கும் கணக்குகளின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினந்தோறும் வைக்கவும் வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு மேசைமேல் இருக்கும் டிஸ்க் மட்டும் போதாது; ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டிஸ்க்குகளை வாங்குதல்

பட்டியலில் உள்ள ஃபோல்டர்களின் அளவைக் கூட்டிப் பாருங்கள். வந்த கூட்டுத்தொகையைப் போல் மூன்று மடங்கு கொள்ளளவுள்ள டிஸ்க் வாங்குவது நல்லது, ஏனெனில் பழைய பதிப்புகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளின் வளர்ச்சிக்கும் இடம் வேண்டும். சாதாரணக் கணக்கு அலுவலகத்துக்கு 1 டெராபைட் தாராளம். மாட்டியதும் 931 ஜிபி என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024 என்ற அடிப்படையில் கணக்கிடுகிறது, வித்தியாசம் அவ்வளவே. ஆனால் நம்ப முடியாத விலைக்கு 8 டெராபைட், 16 டெராபைட் என்று விற்கும் பெயர் தெரியாத டிஸ்க்குகளை வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றுள் இருப்பது ஒரு சிறிய மெமரி கார்டுதான். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் பழையதன்மேல் விழுந்து அழியும், திரையோ இடம் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

ஹார்டு டிஸ்க்கா, உள்ளே சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளிது. தினமும் பையில் போகும் டிஸ்க் என்றால் எஸ்எஸ்டி, ஏனெனில் கீழே விழுந்தால் ஹார்டு டிஸ்க் தாங்காது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கப்போவது என்றால் ஹார்டு டிஸ்க், ஏனெனில் மின்சாரம் படாமல் நெடுங்காலம் கிடக்கும் எஸ்எஸ்டியில் தரவு நலிய வாய்ப்புண்டு. எதுவானாலும் இரண்டு வாங்குங்கள். ஒரே டிஸ்க் என்றால், நகல் எடுக்கும் அந்த அரை மணி நேரத்தில் மூலமும் நகலும் ஒரே மேசையில், ஒரே மின் இணைப்பில் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: டிஸ்க்கைத் தயார் செய்தல்

புதிய டிஸ்க்கை மாட்டி, அதன்மேல் வலது பொத்தானை அழுத்திப் 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தால் 'ஃபைல் சிஸ்டம்' என்ற வரி தெரியும்; டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை அது சொல்கிறது. விண்டோஸ் கணினிகளில் மட்டும் பயன்படுத்துவீர்கள் என்றால் அது என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் மீண்டு எழ அதில் ஏற்பாடு உண்டு. மேக் கணினியிலும் எழுத வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் தேவைப்படும். ஃபேட்32 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனெனில் 4 ஜிபி அளவைத் தொடும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது, பெரிய பி.எஸ்.டி. கோப்புகள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். மாற்றுவதற்கு 'ஃபார்மேட்' செய்ய வேண்டும், அது டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும் என்பதால் டிஸ்க் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

டிஸ்க்குக்கு நிலையான ஓர் எழுத்தைக் கொடுங்கள். தொடக்கப் பொத்தானின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' திறந்து, டிஸ்க்கைத் தேர்ந்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாக எக்ஸ் என்று மாற்றினால், பென்டிரைவ் மாட்டிய நாளில் எழுத்து மாறிப்போய்ப் பேக்கப் நின்றுவிடும் சிக்கல் வராது.

வெளியே எடுத்துச் செல்லும் டிஸ்க்குக்குப் பூட்டு அவசியம். விண்டோஸின் ப்ரோ பதிப்பில் டிஸ்க்கின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' என்று வரும். கடவுச்சொல் கொடுத்த பிறகு அது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்றைத் தரும். அதை அச்செடுத்து, டிஸ்க்கோடு சேர்த்து வைக்காமல் முதலாளியின் பீரோவில் வையுங்கள். கடவுச்சொல்லும் சாவியும் இரண்டுமே தொலைந்தால் உள்ளே இருப்பதை யாராலும் திறக்க முடியாது. ஹோம் பதிப்பில் இப்படிப் பூட்ட வழியில்லை. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் அந்த வேலையைச் செய்யும்.

நான்காம் படி: முதல் முழு நகல்

சனிக்கிழமை மாலை, எல்லோரும் வேலையை முடித்த பிறகு தொடங்குங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். டேலி, அவுட்லுக், எக்செல் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். டிஸ்க்கை யுஎஸ்பி 3 துளையில் மாட்டுங்கள். பல கணினிகளில் அதன் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். இந்த வித்தியாசம் சிறியதல்ல. பழைய யுஎஸ்பி 2 துளையில் நொடிக்குச் சுமார் 35 மெகாபைட்தான் போகும் என்பதால் 200 ஜிபி ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 3இல் ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க் அதை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். சிறுசிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எதிலும் நேரம் கூடும்.

டிஸ்க்கில் இன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். தாளில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் தேர்ந்து, 'காப்பி' கொடுத்து, டிஸ்க்கில் 'பேஸ்ட்' செய்து, முடிந்ததும் தாளில் டிக் அடியுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் 'கட்' கொடுக்காதீர்கள். சி டிரைவில் இடமில்லை என்று பழைய ஆண்டுக் கோப்புகளை டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு, பேக்கப் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அது பேக்கப் அல்ல. இடம் மாறிய ஒரே பிரதி. கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் இப்படி நகர்த்திய நான்கு ஆண்டுக் கணக்கு, டிஸ்க் கல்லாப்பெட்டிமேலிருந்து தரையில் விழுந்ததோடு போனது.

நகல் முடிந்தவுடன் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மூல ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' ஒரு பக்கமும் நகல் ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' மறுபக்கமும் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' வரியில் உள்ள பைட் எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒன்றா என்று பாருங்கள். அடுத்த வரியில் உள்ள 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறுபடலாம், அது பொருட்டில்லை. திருமங்கலத்துத் தம்பி இந்த ஒரு பார்வையைப் பார்த்திருந்தால், ஸ்கேன் இருக்கவேண்டிய இடத்தில் 2 கிலோபைட் என்று முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும். எண்ணிக்கை குறைந்தால் பெரும்பாலும் திறந்திருந்த கோப்பு ஒன்று விடுபட்டிருக்கும். அல்லது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்ப் பெயரும் பாதையும் 260 எழுத்துகளைத் தாண்டியிருக்கும். நீண்ட பெயர்களைச் சுருக்கிவிட்டு மறுபடி எடுங்கள். இறுதியில் கடிகாரத்தின் அருகே உள்ள யுஎஸ்பி படக்குறியை அழுத்தி 'எஜெக்ட்' கொடுத்து, கழற்றலாம் என்ற செய்தி வந்த பிறகே கம்பியைப் பிடுங்குங்கள்.

ஐந்தாம் படி: அன்றாட நகல்

வாரந்தோறும் எல்லாவற்றையும் கையால் நகலெடுப்பது நீடிக்காது. விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரியை இதற்குப் பயன்படுத்தலாம். கண்ட்ரோல் பேனல் திறந்து, 'சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி', பிறகு 'ஃபைல் ஹிஸ்டரி' என்று போய் 'டர்ன் ஆன்' அழுத்தினால், மாட்டியிருக்கும் டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிய கோப்புகளை மட்டும் அது சேமிக்கும். இடப்பக்கத்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' வழியாக அந்த இடைவெளியையும், பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் வைப்பது என்பதையும் மாற்றலாம். இதன் பெரிய நன்மை பழைய பதிப்புகள்: நேற்று காலை ஒரு எக்செல் தாளில் இருந்த எண்கள் இன்று தவறுதலாக மேலெழுதப்பட்டிருந்தாலும் நேற்றைய நிலையை மீட்டுவிடலாம். குறை என்னவென்றால், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே அது தானாகக் கவனிக்கும். டி டிரைவில் உள்ள ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'இன்க்ளூட் இன் லைப்ரரி' கொடுத்தால்தான் அது சேரும். விண்டோஸ் 11இல் அதற்கு முன் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்த வேண்டியிருக்கும். டேலிக்கு இதை நம்பாதீர்கள், டேலியின் சொந்த பேக்கப்பைத் தினமும் மாலையில் தனியே எடுங்கள்.

இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்பவர்களுக்கு நான் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருளைச் சொல்வேன். அலுவலகப் பயன்பாட்டுக்கான உரிம விதியைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள். இடப்பக்கம் மூல ஃபோல்டரையும் வலப்பக்கம் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரையும் கொடுத்து 'கம்பேர்' அழுத்தினால், என்னென்ன மாறியிருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். பார்த்துத் திருப்தியான பிறகு 'சிங்க்ரொனைஸ்' அழுத்தலாம். இங்கே ஒரு தேர்வு மிக முக்கியம். 'மிரர்' என்பது மூலத்தில் அழித்ததை நகலிலும் அழித்துவிடும். அதாவது திங்கட்கிழமை தவறுதலாக அழிந்த ஃபோல்டர் செவ்வாய்க்கிழமை பேக்கப்பிலிருந்தும் மறைந்துவிடும். 'அப்டேட்' என்பது புதியதையும் மாறியதையும் மட்டுமே ஏற்றும், எதையும் அழிக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் 'அப்டேட்' வைத்துக்கொண்டு, மேலெழுதப்படும் கோப்புகளுக்கு 'வெர்ஷனிங்' என்பதைத் தேர்ந்து 'பழையவை' என்று ஒரு ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள்.

ஆறாம் படி: இரண்டாவது டிஸ்க் வேறு கூரையின் கீழ்

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். சிறிய அலுவலகத்துக்கு அதில் விட்டுக்கொடுக்கவே கூடாதது கடைசிப் பகுதி. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் கடைகளில் பிடித்த தீயையும், 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களில் புகுந்த தண்ணீரையும் நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணினியும் டிஸ்க்கும் ஒரே அறையில் இருந்தால் தீயோ தண்ணீரோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

மற்றொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 2017 மே 12 அன்று உலகமெங்கும் பரவிய வானாக்ரை போன்ற பிணைத்தொகை வைரஸ்கள் கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டுவதோடு நிற்பதில்லை. அந்த நேரத்தில் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் உள்ளவற்றையும் பூட்டிவிடும். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க் இதற்கு எதிராக உதவாது. அதனால்தான் இரண்டு டிஸ்க் என்றேன். முதல் டிஸ்க் அலுவலகத்தில் ஃபைல் ஹிஸ்டரிக்காக மாட்டியே இருக்கட்டும். இரண்டாவது டிஸ்க் வாரம் ஒருமுறை மட்டும் வந்து, நகல் எடுத்ததும் கழற்றப்பட்டு, முதலாளியின் வீட்டுக்கோ வங்கி லாக்கருக்கோ போகட்டும். நம் கடைகளில் வெள்ளிக்கிழமை மாலைப் பூஜை தவறுவதில்லை. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்கிய அலுவலகங்களில் பழக்கம் நிலைத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்கைக் கொண்டுபோகும் விதமும் முக்கியம். சித்திரை வெயிலில் வண்டிச் சீட்டின் கீழ்ப் பெட்டியில் போட்டு, மாட்டுத்தாவணியில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியூர் போய்வருவது அந்த டிஸ்க்கை அடுப்பில் வைப்பதற்குச் சமம். மாசி வீதிகளில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் திருவிழா நாட்களில் வண்டி நுழைய முடியாது என்பதைக் கணக்கில் கொண்டு, கொடியேற்றத்துக்கு முன்பே இரண்டாவது டிஸ்க்கைப் புதுப்பித்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆயுதபூஜைக்கு அலுவலகத்தைக் கழுவித் துடைக்கும் நாளில் மேசைமேல் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்த பிறகு வாளியை எடுங்கள்.

ஏழாம் படி: திறந்து பார்த்தல்

மாதம் ஒருமுறை, இரண்டாவது டிஸ்க்கை அலுவலகக் கணினி அல்லாத வேறொரு கணினியில் மாட்டுங்கள். அதே கணினியில் சோதிப்பதால் பயனில்லை, ஏனெனில் அங்கே எழுத்துருவும் மென்பொருளும் ஏற்கெனவே இருக்கின்றன, ஷார்ட்கட்டும் சரியாகவே திறக்கும். வேறு கணினியில்தான் உண்மை தெரியும். சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் கணினியில் வைரஸ் தடுப்பு இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மிகப் பழைய ஒரு கோப்பு, சென்ற வாரத்துக் கோப்பு ஒன்று, தமிழில் அடித்த கடிதம் ஒன்று, ஸ்கேன் செய்த பக்கம் ஒன்று ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். திறந்தால் போதாது, கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பாருங்கள். பாதியில் அறுந்த கோப்பு முதல் பக்கத்தை ஒழுங்காகக் காட்டும். டேலி பேக்கப்பைச் சோதிக்கும்போது, நடப்புத் தரவு இருக்கும் ஃபோல்டருக்குள் 'ரீஸ்டோர்' செய்துவிடாதீர்கள், இன்றைய பதிவுகளின் மேல் பழைய பதிவுகள் விழுந்துவிடும். 'சோதனை' என்று காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் மீட்டு, கம்பெனியைத் திறந்து, சென்ற மாதக் கடைசி நாளின் ரொக்க இருப்பையும் ஒரு வாடிக்கையாளரின் பாக்கியையும் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு எண்களும் பொருந்தினால் அந்தப் பேக்கப்பை நம்பலாம். பார்த்த தேதியையும் பார்த்தவர் பெயரையும் திறந்த கோப்புகளையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அந்தச் சோதனையின்போதே டிஸ்க்கின் உடல்நலத்தையும் பார்த்துவிடலாம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள் எத்தனை, மாற்றக் காத்திருப்பவை எத்தனை என்று காட்டும். அந்த எண்கள் மாதந்தோறும் கூடினாலோ, டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலித்தாலோ, அதைச் சரிசெய்ய முயலாமல் மற்ற டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுங்கள். கணினியே வைரஸால் பூட்டப்பட்டிருந்தால், பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை அதில் மாட்டிவிடாதீர்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவி முடித்த பிறகே மாட்ட வேண்டும், அதற்கும் முன்பு வேறொரு சுத்தமான கணினியில் அந்த டிஸ்க்கின் நகல் ஒன்றை எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

நான்கைந்து ஆண்டுகள் உழைத்த டிஸ்க்கை, நன்றாக ஓடினாலும், முதன்மைப் பணியிலிருந்து விடுவித்துவிடுங்கள். பழைய பொருள் கடைக்குக் கொடுப்பதற்கு முன் 'ஃபார்மேட்' சாளரத்தில் 'குயிக் ஃபார்மேட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் செய்யுங்கள்; குயிக் ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலை மட்டுமே அழிக்கும், முழு ஃபார்மேட்தான் டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதும். 1 டெராபைட்டுக்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால் மாலையில் தொடங்கி இரவு ஓடவிட்டு, மறுநாள் காலை முடிந்ததைப் பார்த்த பிறகு கொடுங்கள்.